கண்ணுக்குள் முளைக்கும் சிம்பு

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விடுகிற வேலையில் ஒரு வசதி உண்டு: திட்டுகிறவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டுதான் திட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், அல்லிநகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக அந்தத் திட்டை வாங்குகிறேன். நோயாளிகளோடு மாரடிப்பது உங்களுக்கும் பிழைப்பாக இருந்தால், மேலே சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கோளாறு என் கண்ணிலேயே. சர்க்கரையால் இடது கண்ணின் விழித்திரையில் புது ரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றன; கண்ணுக்குள் ஊசி போடாவிட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. ஊசி போட, கூட ஓர் ஆள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் சத்தம் போடுவது நானும் மிக்ஸியும்தான். ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்காகக் காத்திருந்தேன்.

எறும்பு

கண்மணி விரிவதற்கு விடும் சொட்டு எரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் விட வேண்டும். லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், நான் பாட்டிலை எடுத்தாலே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், அசையாதீகய்யா" என்றேன். எல்லோரிடமும் சொல்வதுதான். முந்தின வாரம் எனக்கும் விட்டிருந்தார்கள். எறும்பெல்லாம் இல்லை, நல்ல எரிச்சல். அதை அவரிடம் சொல்ல முடியுமா? அவர் மூடிய கண்ணோடு சொன்னார்: "கடி வாங்குறது நானு. எறும்புன்னு ஒனக்கு எப்படி ஆத்தா தெரியும்?"

கவாத்து

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் டாக்டரம்மாவையே மடக்கினார். "புதுசா ரத்தக்குழாய் மொளைச்சா நல்லதுதானம்மா? ரத்தம் நல்லா ஓடும்ல?"

டாக்டரம்மா பொறுமைசாலி. விழித்திரையில் குழாய்கள் அளவோடு இருந்தால்தான் பார்வை தெளியும் என்றார். மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சுரப்பி, தாய்க்குப் பால் ஊற வைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறதாம். ஆண்களுக்கும் அது உண்டு. அந்த ஹார்மோன் அறுபட்டுச் சிறு துண்டாகும்போது அதன் வேலையே மாறிவிடுகிறது. 'வளரு' என்று ரத்தக்குழாய்க்கு வரும் உத்தரவை அந்தத் துண்டு செல்லாமல் ஆக்கிவிடும். சர்க்கரை முற்றினால் விழித்திரைக்கு மூச்சு முட்டுகிறது. வளரச் சொல்லும் உத்தரவு கூடுகிறது, தடுக்கும் துண்டு குறைகிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் நோஞ்சான்கள். உடைந்து ரத்தம் கசியும். "நாங்க போடுற ஊசி வெளியிலேர்ந்து அந்த உத்தரவை மறிக்குது. அந்தத் துண்டையே மருந்தாக் கொடுக்கிறது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு" என்று முடித்தார்.

தோட்டக்காரர் முதலில் என்னைப் பார்த்து, "எனக்கும் பால் ஹார்மோனு இருக்காம், வெளிய சொல்லிப்புடாதத்தா" என்றார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்: "கவாத்துல, கொடியில வீணா மொளைக்கிற பக்கச் சிம்பக் கிள்ள ஆள் போடுவோம்ல, அது மாதிரி உள்ளுக்குள்ளயே ஒருத்தன் கிள்ளிக்கிட்டு இருந்திருக்கான். நம்மதான் சீனியப் போட்டு அவன வெரட்டிப்புட்டோம்."

பால்

கேட்டதைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியாது. ஊசிக்குப் பயந்து உட்கார்ந்திருந்த மார்க்கையன்கோட்டை பேச்சியம்மாளிடம், "பால் ஊறவைக்கிற ஹார்மோனுதான் கண்ணையும் காக்குதாம், மருந்து நம்ம ஒடம்புலயே இருக்காம்" என்றேன். தைரியம் சொல்வதாக நினைப்பு. ஆராய்ச்சி என்று டாக்டரம்மா சொன்னதை விட்டுவிட்டேன்.

பேச்சியம்மாள் அன்று ஊசி போடாமலே பஸ் ஏறிவிட்டார். அடுத்த தவணைக்கும் வரவில்லை. வந்தபோது ஒரு கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. எதிரே கரும்புகை ஓடுகிறது என்றார். காலையும் சாயங்காலமும் பால் குடித்தாராம், சீனி போட்டு. குடிக்கிற பாலுக்கும் அந்த ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா விளக்கி, ஆபரேஷனுக்கு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். பேச்சியம்மாள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "யூனிபாரம் சீலையில நின்னுல்லத்தா சொன்ன. நம்பாம என்ன செய்ய?"

ஓசூர்

அன்றைக்குச் சாயங்காலமே மகனைப் போனில் கூப்பிட்டேன். எனக்கும் கண்ணுக்குள் புகை ஓடுமோ என்று பயம். ஏற்கெனவே மூன்று ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி வராதவன். பின்னால் மெஷின் சத்தம். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்ததும் கேட்டான்: "கூட வேல பாக்குறவுக யாராச்சும் கையெழுத்துப் போட மாட்டாகளாம்மா?"

ஊசி அறை

கடைசியில் நர்ஸ் கௌரிதான் எனக்காகக் கையெழுத்துப் போட்டாள். உறவு என்று கேட்ட கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்து, ஒரு கோடு கிழித்தாள். நானும் பார்க்காதது போல இருந்தேன்.

என்னை மேஜையில் படுக்க வைத்து, ஒரு கண் மட்டும் தெரிகிற மாதிரி பச்சைத் துணியால் மூடினார்கள். இமையைக் கிளிப் போட்டு விரித்தார்கள். அந்த நேரத்தில் நோயாளி பதறிக் கையைத் தூக்கிவிடக் கூடாது என்பதற்காக, தலைமாட்டில் ஒருத்தி நின்று கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த ஒருத்தி நான்தான். கௌரி மருந்தை எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். டாக்டரம்மா ஊசியில் கண்ணாக, பழக்கதோஷத்தில் சொன்னார்: "அக்கா, பேஷண்ட் கையைப் பிடிச்சுக்கங்க."

சரிம்மா என்று சொல்லி, துணிக்கு அடியில் என் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்; இந்த ஒன்பது வருட சர்வீஸில், ஊசி ஏறி முடிந்த பிறகும் நான் கையை விடாமல் வைத்திருந்தது அந்த ஒரு பேஷண்டுக்குத்தான்.