டிக்கிக்கு மட்டும்

அம்மாசி கள்ளக்குறிச்சியில் முப்பது வருடமாகப் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர். தன் பட்டறையை விட்டுப் போன வண்டியில் தகரம் அதிர்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் கொண்டுவந்த அறுபத்திரண்டாம் வருடத்து அம்பாசிடருக்குச் சத்தம் அடக்க எதை ஒட்டுவது என்று ஒரு வாரம் யோசித்தார். தார் ஷீட் வெயிலில் இளகி நாறும். பஞ்சு ஈரத்தைக் குடித்துத் தகரத்தைத் தின்னும். கடைசியில் கனமான ரப்பர் ஷீட்டை எடுத்தார்.

"டிக்கிக்கு மட்டும் ஒட்டுங்க" என்றார் வண்டிக்காரர்.

"சத்தம் இன்ஜின்ல இருந்து வருது. டிக்கிக்கு இன்னாத்துக்குங்க?"

வண்டிக்காரர் டிக்கியைத் திறந்து காட்டினார். கிறுக்கன் என்று முணுமுணுத்தபடி அம்மாசி இரண்டு அடுக்கு ஒட்டினார். வழக்கம்போலச் செல்போனில் பம்பைப் பாட்டை அலறவிட்டு, உள்ளே வைத்து மூடினார். கொசு முனகுவது போலத்தான் கேட்டது.

"போனு பத்தாதுங்க. ஆள் கத்தினா கேக்குமா?"

அம்மாசிக்குச் சுர்ரென்று ஏறியது. போனை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, தானே உள்ளே படுத்தார். வண்டிக்காரர் டிக்கியை மூடினார். தொண்டை கிழியக் கத்தினார். பிறகு காது கொடுத்துக் கேட்டார்.

ஷீட்டில் குறையே இல்லை. வெளியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. வண்டி நகர்வது மட்டும் முதுகில் தெரிந்தது.