ஜாமெட்ரி பெட்டியில் ஒரு துண்டு சோடியம்

பள்ளிக்கூடத்தில் நான் திருடியது ஒரே ஒரு பொருள். புளியங்கொட்டையில் பாதி அளவுள்ள ஒரு துண்டு சோடியம். எழுபதுகளின் நடுவில், நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் அது நடந்தது.

எங்கள் ஊர் வல்லத்துக்குப் பக்கம். ஊரிலிருந்து உயர்நிலைப்பள்ளிக்குப் போன பெண்கள் இரண்டே பேர், நானும் என் தோழியும். ஏரிக்கரை மேலேயே நடந்து, சாலையைத் தாண்டிப் போவோம். அவள் வராத நாளில் என்னையும் அனுப்பமாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும்போது அப்பா "இந்த வருசத்தோட போதும்" என்பார். அம்மா பதில் பேசாமல் எனக்குப் புதுத் தாவணி எடுத்து வந்துவிடுவாள். ஆனால் பள்ளியிலிருந்து ஒரே ஒரு புகார் வந்தால் போதும், அம்மாவால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பயத்தில்தான் தினமும் வாயை மூடிக்கொண்டு முன்பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

அன்று மூன்றாம் பீரியட் வேதியியல். ஆசிரியர் அந்த வருடம்தான் வேலைக்கு வந்தவர். மண்ணெண்ணெய் நிரம்பிய புட்டியிலிருந்து இடுக்கியால் ஒரு கட்டியை எடுத்து, மை ஒற்றும் தாளில் வைத்து, கத்தியால் வெட்டினார். வெட்டிய இடம் வெள்ளிபோல மின்னி உடனே மங்கியது. கடுகளவு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது உஸ்ஸென்று சீறிக்கொண்டு தண்ணீர் மேல் ஓடியது, மஞ்சளாகப் பற்றி எரிந்தது, பட்டென்று வெடித்தது. வகுப்பே பின்னால் சாய்ந்தது.

"கையில இருக்கற ஈரமே இதுக்குப் போதும். யாரும் தொடக்கூடாது" என்றார்.

மணி அடித்தது. தலைமையாசிரியர் கூப்பிடுவதாக ஆள் வந்து சொல்ல, அவர் புட்டியை மூடி எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். மேசையைத் துடைப்பது முன்பெஞ்சு பெண்களின் வேலை. துடைக்கப் போனபோது அந்தத் தாளின் மடிப்பில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அம்மா சமைக்கும்போது அன்றைய பாடத்தையெல்லாம் அவளிடம் ஒப்பிப்பேன். பாதிக்கு மேல் "போடி, புளுகாத" என்பாள். தண்ணீர் பட்டால் எரிகிற உலோகம் உண்டு என்று சொன்னால் எப்படி நம்புவாள்? காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் நான் யோசித்தது. தாளோடு மடித்து ஜாமெட்ரி பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

அடுத்தது கணக்கு. கணக்கு வாத்தியார் உள்ளே வந்ததும், "வட்டத்துக்குத் தொடுகோடு. எல்லாரும் பெட்டிய எடுங்க" என்றார்.

என் உள்ளங்கை அப்போதே நனைந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் மண்ணெண்ணெய் நாற்றம் வகுப்பு முழுக்கப் பரவும்.

"உன் பெட்டி எங்க?"

"கொண்டாரல சார்."

"வெளிய நில்லு. பையையும் எடுத்துக்கோ."

வெளியே என்றால் தாழ்வாரம். ஓட்டு விளிம்பிலிருந்து மழைநீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் சாரல் முழங்காலை நனைத்தது. என்னிடம் இருந்தது துணிப்பை. அதை மார்போடு அணைத்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். மார்போடு அணைத்தால் அது வெடிக்கும்போது என்ன ஆகும் என்று பிறகுதான் உறைத்தது. கையை நீட்டிப் பிடித்தேன். சாரல் பையை நனைத்தது. மறுபடியும் அணைத்தேன். முப்பது நிமிடம் இப்படியே போயிற்று. ஒருமுறை பைக்குள்ளிருந்து சீறும் சத்தம் கேட்டது போலிருந்தது. மழைச் சத்தமா, அதுவா என்று தெரியவில்லை. அழக்கூட பயமாக இருந்தது, கண்ணீரும் தண்ணீர்தானே.

சாப்பாட்டு மணி அடித்ததும் தோழி ஓடி வந்தாள். சொன்னேன்.

"அடிப்பாவி! அந்த சார்கிட்ட போய்க் குட்த்துடு."

"அவுரு எங்கப்பாவ வரச்சொன்னார்னா? நாளையிலேர்ந்து நான் வூட்லதான்."

அவள் "வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் போனாள். மழை தூறலாகிவிட்டிருந்தது. வயல் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. பெட்டியைத் திறந்தேன். தாளின் ஓரம் நனைந்து, அதிலிருந்து நூல்போலப் புகை வந்துகொண்டிருந்தது.

"இன்னாடி இது, பொகையுது? தூக்கிப் போடுடி!"

போட்டேன். தூரமாக எறிந்திருக்க வேண்டும். அவசரத்தில் அது வாய்க்காலில் காலடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது. சீறியது, மஞ்சளாக எரிந்தது. நாங்கள் பின்வாங்குவதற்குள் வெடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. தோழி "ஆ" என்று வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள்.

"எரியுதுடி... கண்ணு எரியுதுடி..."

அவளை எப்படித் தூக்கினேன் என்று நினைவில்லை. வேதியியல் ஆசிரியர் சோதனைக்கூட வாசலில் டிபனைத் திறந்துகொண்டிருந்தார். அவரிடம் நான் சொன்னது ஒரே வார்த்தைதான்: "சோடியம்."

அவர் ஏன், எப்படி என்று கேட்கவே இல்லை. டிபன் கீழே உருண்டது. அவளைக் கைபம்புக்கு இழுத்துப் போய் முகத்தைச் சாய்த்து, இமையை விரலால் பிரித்துப் பிடித்தார்.

"அடி! நிறுத்தாம அடி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

அடித்தேன். அவள் திமிறினாள், அழுதாள். அவர் விடவில்லை. எனக்குத் தோள் கழன்றுவிடும்போல இருந்தது. கொஞ்சம் மெதுவானபோதெல்லாம் "அடி" என்றார். அந்தக் கண் போய்விட்டால் அவளை யார் கட்டிக்கொள்வார்கள், அவள் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு பயம் வந்தது. கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிறகு அவளைத் தன் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கிளம்பும்போது சைக்கிள் ஸ்டாண்டைக்கூடத் தட்டாமல் அவர் மிதிக்கப் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு என் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

மதியம் முழுக்க என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. வரலாறு நடந்தது, தமிழ் நடந்தது. காதில் ஒரு சொல் விழவில்லை. கதவருகே நிழல் ஆடும்போதெல்லாம் செய்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். கடைசி மணி அடித்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார்.

"கட்டுப் போட்டிருக்காங்க. வீட்ல விட்டுட்டு வந்தேன். எட்டு நாள் கழிச்சு அவுத்துப் பாத்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொல்றார்" என்றார். பிறகு, "அந்தத் தாளை அப்படியே விட்டுட்டுப் போனது நான்தான். உங்க வீட்ல நான் சொல்லப் போறதில்ல. ஆனா தினம் காலையில அவ கண்ணு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்" என்றார்.

அன்று முதல்முறையாக ஏரிக்கரையில் தனியாக நடந்தேன். நேரே அவள் வீட்டுக்குத்தான் போனேன். அவள் அம்மா வாசலிலேயே மறித்தாள்.

"நீ கூடத்தானேடி இருந்த? சுண்ணாம்பு தெறிச்சிச்சுன்றா. ஸ்கூல்ல யாருடி சுண்ணாம்பு கொட்டி வெச்சது?"

தோழி உள்ளே பாயில் படுத்திருந்தாள். கட்டுப் போடாத கண்ணால் என்னையே பார்த்தாள்.

"செவுத்துக்கு அடிக்க வெச்சிருந்தாங்க அத்தை" என்றேன். அத்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வழிவிட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் தோழி மெதுவாக, "தமிழ்ல இன்னா நடத்துனாங்க?" என்று கேட்டாள். பையிலிருந்து தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அவள் பக்கத்தில் விரித்தேன்.

அவள் வராததால் அப்பா என்னையும் நிறுத்திவிடப் பார்த்தார். எதிர்பாராத விதமாக அத்தைதான் வந்து, "அவ போனாத்தான் என் பொண்ணுக்குப் பாடம் வரும்" என்று சொல்லி அனுப்பவைத்தாள். ஒவ்வொரு காலையும் அவள் வீட்டுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு ஏரிக்கரையில் ஓடுவேன். ஆசிரியர் சோதனைக்கூட வாசலில் காத்திருப்பார். "நேத்து மாதிரியே சார்." "வலி கம்மி சார்." "தூங்கினாளாம் சார்." அவர் தலையை மட்டும் ஆட்டுவார். இரவில் சாப்பிடுகிறாரோ இல்லையோ, ஆள் இளைத்துக்கொண்டே போனார்.

ஒன்பதாம் நாள் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு, பள்ளிக்கு ஒரு பீரியட் தாமதமாகத்தான் போனேன். அவர் ஏதோ வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். சுண்ணாம்புக்கட்டியைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"கட்டு அவுத்தாச்சு சார். அந்தக் கண்ணால ஆஸ்பத்திரி காலண்டர்ல தேதி படிச்சா சார்."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வகுப்பு மொத்தமும் எங்களைப் பார்த்தது. பிறகு, "சரி, நேரமாச்சு. கிளாசுக்குப் போ" என்றார்.