மதில் நிறையத் தீவட்டி

நெருப்புக்குப் பொய் சொல்லத் தெரியுமா? மாவு பிசைந்துகொண்டே நிகாசோ அக்கா இதைக் கேட்டபோது நான் சிறுவன், மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உலகத்தில் எல்லாமே நெருப்பிலிருந்து வந்தது என்று அப்போதுதான் வாத்தியாரிடம் படித்து முடித்திருந்தேன். இந்தக் கேள்வி அந்தப் பாடத்தில் இல்லை.

நிகாசோ கரி சுடுகிறவரின் மகள். கிரேக்க நாட்டில் எங்கள் மலையூரில் ரொட்டி சுட்டு விற்பவள். முழங்கையெல்லாம் சூட்டுத் தழும்பு. வாயிலும் கொஞ்சம் சூடு உண்டு. செருப்புத் தைக்கும் அமினியாஸைக் கட்டிக்கொண்டாள்.

சமவெளிக்காரர்கள் ஊரைச் சுற்றி மதில் எழுப்பி முற்றுகையிட்ட இரண்டாவது குளிர்காலம் அது. குதிர்களில் தானியம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஏதென்ஸிலிருந்து படை வராவிட்டால் ஆண்களை வெட்டுவார்கள், பெண்களை விற்பார்கள். மழை இருட்டில் எதிரியின் மதிலைத் தாண்டி ஏதென்ஸுக்குப் போக நாற்பது பேர் முன்வந்தார்கள். அமினியாஸும் ஒருவன். சேற்றில் வழுக்காமலிருக்க ஒரு காலில் மட்டும் செருப்பு.

"ஏணி ஏறினா தலை சுத்தும்னு ஒழுகுற கூரையைக்கூட அடைக்காத மனுஷன் நீங்க," என்றாள் நிகாசோ.

"உன் வாய்க்குப் பயந்து ஓடுறவனுக்குத் தலை சுத்தாதுடி."

அவள் சிரிக்கவில்லை. அவன் மேலாடையின் முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கமாகக் கட்டினாள்.

பெரிய ஆபத்து ஆற்றங்கரையில் இருந்தது. அங்கே எதிரியின் குதிரைப்படை. எதிரியின் மதில் காவலர்கள் இரண்டு தீவட்டி தூக்கினால், 'ஆள் தப்புகிறான், வழியை மறி' என்று அர்த்தம். அதே நேரம் எங்கள் மதிலில் பெண்களும் தீவட்டி தூக்கி அந்தக் குறியைக் குழப்ப வேண்டும் என்பது ஏற்பாடு.

மழை அதைக் கெடுத்தது. சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம், பஞ்செல்லாம் ஈரம். விறகு தீர்ந்து வீட்டு அடுப்புகள் என்றோ குளிர்ந்துவிட்டன. ஊரில் உயிரோடிருந்த ஒரே நெருப்பு, ஹெஸ்தியா தெய்வத்தின் பொது அடுப்பில்தான் இருந்தது. நிகாசோ அங்கே ஓடினாள். அடுப்புக் காவலர் போலிமோன் குறுக்கே நின்றார்.

"இது சாமி நெருப்பும்மா. புது ஊர்ல குடியேறப் போறவங்களுக்குத்தான் எடுத்துக் குடுப்போம். இதை வச்சு ஏமாத்து வேலை பண்ணினா பாவம்."

"நெருப்பே ஏமாத்தி வந்ததுதானே ஐயா? புரோமிதியஸ் பெருஞ்சீரகத் தண்டுக்குள்ள ஒளிச்சுத்தானே வானத்துலேர்ந்து திருடிட்டு வந்தாரு?"

"அதுக்குத்தான் சாமிங்க அவரைப் பாறையில கட்டிப் போட்டாங்க. மறந்துட்டியா?"

"கட்டிப் போட்டது வாஸ்தவம். நெருப்பைத் திருப்பிக் கேட்டாங்களா?"

போலிமோன் தானே குனிந்து சாம்பலை விலக்கினார். காய்ந்து தடித்த பெருஞ்சீரகத் தண்டு ஒன்றை எடுத்து, உள்ளேயிருக்கும் தக்கையில் கங்கைச் சொருகிக் கொடுத்தார். மழையால் அதைத் தொட முடியவில்லை.

அவள் மதிலேறியபோது எதிரியின் மதிலில் ஒரு கல் உருண்டது. யாரோ கத்தினார்கள். இரண்டு தீவட்டிகள் எழுந்தன.

"ஊதுங்கடி," என்றாள் நிகாசோ. கங்கு சிவந்தது, தார் பூசிய முதல் தீவட்டி பற்றியது.

"அக்கா, எத்தனை தூக்கணும்?"

"கை எத்தனை இருக்கோ அத்தனை."

ஒன்றிலிருந்து ஒன்றாகப் பற்றி மதில் முழுக்க வெளிச்சம் ஓடியது. ஆற்றங்கரையில் இருந்தவர்கள் எதைக் குறி என்று எடுத்துக்கொள்வார்கள்? விடியும்வரை ஒரு குதிரையும் நகரவில்லை. நாற்பது பேரும் மலைப்பாதையைப் பிடித்துவிட்டார்கள்.

ஏதென்ஸ் படை வந்து முற்றுகையை உடைத்த காலையில், படைக்கு முன்னால் அமினியாஸ் வந்தான்.

"செருப்புத் தைக்கிறவன் ஒத்தச் செருப்போட வர்றதைப் பாருங்கடி," என்று ஊர் கேட்கச் சொன்னாள் நிகாசோ. முதல் ரொட்டியை அவன் கையில் வைத்தாள்.

அவள் கேட்ட கேள்விக்கு அவளே பின்னால் பதில் சொன்னாள். "நெருப்பு பொய் சொல்லலடா. ரெண்டு தீவட்டிக்கு அர்த்தம் வச்சது அவனுங்க. என் நெருப்பு, இந்த ஊர்ல இத்தனை பொம்பளைங்க முழிச்சிருக்கோம்னு சொல்லிச்சு. அது நிஜந்தானே?"

அடுத்த வீட்டில் தணல் வாங்கப் போகும்போது இந்தக் கதையையும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு வாருங்கள்.