ஜெராக்ஸின் சொந்த ஆட்டம்

என் தம்பிக்குக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஜெராக்ஸ் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே யாருக்கும் ஆள் தெரியாது. மூன்று வருடம் அந்த அணியில் இருந்தான், ஒரு போட்டியில்கூட இறங்கியதில்லை. இதைச் சொன்னதும் கேட்பவர்கள் முகத்தில் ஒரு 'பாவம்' வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆடத் தெரியாமல் பெஞ்சைத் தேய்த்தவன் இல்லை அவன்.

அவன் வேலை வேறு. அடுத்த வாரம் எந்தக் கல்லூரியோடு லீக் ஆட்டமோ, அந்தக் கல்லூரி வேறெங்காவது ஆடுவதைப் பார்க்க கோச் இவனை அனுப்பிவிடுவார். பஸ் பிடித்துப் போய்க் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து, அங்கே யார் பெரிய ஆட்டக்காரனோ அவனை மட்டும் கண்கொட்டாமல் பார்ப்பான். பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது எந்தப் பக்கம் ஏமாற்றித் திரும்புகிறான், கூடைக்கு எறியும் முன் எந்தத் தோள் இறங்குகிறது, எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு வருவான். மறுநாள் முதல் பயிற்சியில் இவன்தான் அந்த ஆள். நம் அணியின் ஐந்து பேரும் இவனைத் தடுத்துப் பழகுவார்கள். போட்டியில் நிஜ ஆள் வந்து நிற்கும்போது, அவன் அசைவதற்குள் இவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒருநாள் பயிற்சியில் தன் இஷ்டத்துக்கு ஒரு திருப்பு திருப்பிக் கூடையில் போட்டிருக்கிறான். கோச் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

"உன்ன யாருடா ஆடச் சொன்னது? அவன ஆடு."

அதற்குப் பிறகு இவன் அந்தத் தப்பைச் செய்யவில்லை. இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

இந்தக் கூத்து வீட்டுக்குள்ளும் நடக்கும். எதிரணிக்காரன் இடது கைக்காரன் என்றால், அந்த வாரம் முழுக்கத் தம்பி இடது கையால் பல் தேய்ப்பான், பூட்டைத் திறப்பான். ஒருத்தன் பந்தை எறியும் முன் மூக்கைச் சொறிவானாம், இவனும் சொறிந்துகொண்டே திரிந்தான். "அந்தக் கருமத்தையுமாடா கத்துக்கணும்?" என்று கேட்டேன். "அது வந்தாத்தான்க்கா மத்தது வருது" என்றான். அம்மா காலையில் அவன் நடையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்பாள்: "இந்த வாரம் நம்ம வீட்ல யாருடி தங்கியிருக்கறது?"

கடைசி வருடம் அணி வெளுத்து வாங்கியது. வரிசையாக வெற்றி. கோச்சைக் கையில் பிடிக்க முடியவில்லை. உள்ளூர்ச் சேனல்காரன் மைக்கை நீட்டியபோது, "எதிரணியைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் களத்தில் இறங்குகிறோம்" என்றார். கரைத்துக் குடித்தவன் அவருக்குப் பின்னால் தண்ணீர் பாட்டில்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அதையும் டிவியில் பார்த்தோம்.

ஆனால் அந்த ஆண்டு தம்பி எதற்கும் முகம் சுளிக்கவில்லை. சீசன் தொடங்கும்போதே எல்லார் முன்னாலும் கோச் வாக்குக் கொடுத்திருந்தார். கடைசி லீக் ஆட்டத்தில், கடைசிக் கால் பகுதியில், ஜெராக்ஸ் இறங்குவான்.

"ஒரே ஒரு தடவை போதும்க்கா. நானும் ஆடறவன்தான்னு எனக்கே தெரியணும்ல" என்றான். அதுவரை என்னைக் கல்லூரி அரங்கப் பக்கமே வரவிட்டதில்லை. "நான் ஆடற அன்னிக்கு வா."

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வந்த லென்ஸைப் பிரேமில் பொருத்தி, மூக்கில் உட்காரும்படி வளைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. அந்தக் கடைசி ஆட்டம் சனிக்கிழமை, அன்றுதான் கடையில் கூட்டம் அலைமோதும். லீவு கேட்டதும் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கி வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆட்டத்துக்கு முந்தைய நாள் காலையில், தம்பியைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகக் கேப்டன் வீட்டுக்கு வந்தான். தம்பிக்கு உயிர் நண்பன், எங்கள் சமையலறையில் அவனே தட்டெடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிடுமளவுக்கு உரிமை. தம்பி குளித்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு உள்ள விட்டுருவாங்கல்ல?" என்று கேட்டேன்.

"கண்டிப்பாக்கா. நான் இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

மறுநாள் அரங்கத்தில் பக்கவாட்டுப் படியில் எனக்கு இடம் கிடைத்தது. எதிரணியின் சென்டர் ஆஜானுபாகுவானவன், கூடைக்கு அடியிலேயே நின்று விளையாடுபவன். அன்று அவனால் திரும்பக்கூட முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே நம் ஆள் ஏற்கெனவே நின்றான். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கடைசிப் பகுதி தொடங்கும்போது, இனி எதிரணி தலைகீழாக நின்றாலும் எட்ட முடியாத இடத்தில் நாம் இருந்தோம்.

கோச் பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். தம்பி எழுந்துவிட்டான். ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கோச்சின் விரல் அவனைத் தாண்டிப் போய், ஓரத்தில் உட்கார்ந்திருந்த முதலாண்டுப் பையன் ஒருவனிடம் நின்றது. அவன் உள்ளே ஓடினான். தம்பி களத்திலிருந்த கேப்டனைப் பார்த்தான். கேப்டன் குனிந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினான். அந்த லேஸ் அவிழ்ந்திருக்கவே இல்லை, நான் பார்த்தேன். தம்பி மேல்சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மணி அடித்ததும் நேராக இறங்கிக் கோச்சிடம் போனேன்.

"சார், நான் அவனோட அக்கா. வாக்குக் குடுத்தீங்களே?"

"அடுத்த வருஷத்துக்கு ஆள் தயார் பண்ணணும்மா. கேப்டன்கிட்ட வியாழக்கிழமையே சொல்லிட்டேனே, அவன் சொல்லலையா?"

நான் திரும்பிக் கேப்டனைத் தேடினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க தம்பி நல்ல பையன். குறை சொல்லல. ஆனா ஊர்ல இருக்கற எல்லார் மாதிரியும் ஆடி ஆடி, அவனுக்குன்னு ஒரு ஆட்டம் இல்லாமப் போச்சு. உள்ள விட்டா என்ன பண்ணுவான்னு எனக்கே தெரியாது."

"அவனா ஆடக் கூடாதுன்னு விசில் ஊதினது யாரு சார்?"

"அதுவும் டீமுக்காகத்தானே" என்றார், கொஞ்சமும் கூசாமல். பக்கத்தில் நிழலாடியது. தம்பி பாட்டில் பையோடு நின்றிருந்தான். முழுவதையும் கேட்டிருந்தான்.

"வாக்கா, போலாம்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வந்தான். உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நிறுத்தினேன்.

"சோறு போட்ட கைய வெச்சுக்கிட்டுக் கேக்கறேன். என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எப்படிடா மனசு வந்துச்சு?"

"கோச் உங்ககிட்ட என்ன சொன்னாரோ, சொல்ல வேணாம்னது அவர்தான்க்கா. தெரிஞ்சா வெள்ளிக்கிழமை பிராக்டிஸுக்கு வரமாட்டான்னு. அவன் இல்லாட்டி அந்த சென்டர எங்களால தடுத்திருக்க முடியாது." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த வாரம் மண்டலப் போட்டி இருக்கு. ஜெராக்ஸ் வருவானான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு" என்றான்.

கதவைச் சாத்தினேன். அவன் முகத்துக்கு நேராகத்தான் சாத்தினேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தம்பி உள்ளே மேசையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அக்கா, ஸ்கூல்ல நான் ஆடறத நீ பாத்திருக்கல்ல?"

"பாத்திருக்கேனே. உன்னக் கூட்டிட்டு வரும்போதெல்லாம் பாப்பேன்."

"எப்படி ஆடுவேன்?"

"நல்லா ஆடுவ."

"நல்லாவான்னு கேக்கலக்கா. எப்படி?"

நான் யோசித்தேன். மைதானமும், அழுக்குச் சட்டையும், கூப்பிடக் கூப்பிட வராமல் அவன் அடம்பிடித்ததும் ஞாபகம் வந்தன. பந்தை எப்படி வாங்குவான், எந்தப் பக்கம் திரும்புவான் என்பது மட்டும் வரவில்லை. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எதையாவது சொல்லியிருந்தால் போதும், எழுந்து நின்று அதையும் அப்படியே செய்து காட்டியிருப்பான்.