ஐஸ்லாந்துக் காற்றும் அம்மாவின் ரசமும்

குழாயைத் திறந்தால் அவித்த முட்டை வாசம்...

ஐஸ்லாந்தில் வெந்நீர் பூமிக்குள்ளிருந்தே வருகிறது, அப்படித்தான் மணக்கும் என்று எவ்வளவு சொல்லியும் அம்மாவுக்குச் சமாதானமாகவில்லை. முட்டையைக் கையால்கூடத் தொடாதவர்.

"இந்தத் தண்ணில தல குளிச்சுட்டு எப்படிக் கண்ணு சாமி கும்புடறது?" என்று கேம்ப்சைட் குளியலறை வாசலில் துண்டோடு நின்றார்.

"ஒண்ணும் ஆவாது, ஊத்திக்கச் சொல்லு," என்றார் பக்கத்தில் நின்ற அப்பா. அம்மாவிடம் இல்லை, என்னிடம்.

அதுதான் விஷயமே. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அப்போது நாங்கள் இர்விங்கில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் ஈரோட்டிலிருந்து வந்திருந்தார்கள். எனக்கு அப்போதுதான் அமெரிக்க சிட்டிசன்ஷிப் கிடைத்திருந்தது. இருவருக்கும் கிரீன் கார்டு அப்ளை பண்ணி இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. உள்ளதைச் சொல்வதென்றால், முக்கியமாக அம்மாவை. ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் வீட்டுக்குள் ஒரு ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்று அந்தச் சில மாதங்களில்தான் தெரிந்துகொண்டிருந்தேன்.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "எனக்கு இந்த ஊரு ஒத்து வராது. நான் போறேன். அவ வேணும்னா இருக்கட்டும்."

'நீயும் வா' என்ற ஒரு வார்த்தையை அம்மா எதிர்பார்த்தார். வரவில்லை. "நான் அவ்வளவுதானா கண்ணு?" என்று என்னிடம் கேட்டதோடு சரி, அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. ஐஸ்லாந்து டிக்கெட்டோ முன்பே போட்டாயிற்று...

வீட்டில் சண்டை என்றால் ஆளுக்கொரு ரூமுக்குப் போய்விடலாம். சமையலும் தூக்கமும் ஒரே வண்டிக்குள் நடக்கும் கேம்பர்வேனில் எங்கே போவது? மேலே பரண் மாதிரி ஒரு படுக்கை, அதில் நானும் அம்மாவும். கீழே மேஜையை மடக்கினால் இன்னொரு படுக்கை, அதில் அப்பாவும் என் கணவர் கார்த்திக்கும்.

"உங்கப்பாவ ஸ்வெட்டர் போட்டுட்டுத் தூங்கச் சொல்லு."

"போட்டாச்சுன்னு சொல்லு."

"அம்மா, போட்டாச்சாம்."

எல்லார் காதிலும் எல்லாம் விழுகிறது. இருந்தாலும் நான் சொன்னால்தான் செல்லும். "ரெண்டு பேருக்கும் நடுவுல நீதான் வைஃபை," என்பான் கார்த்திக்.

வடமேற்கு மூலைக்குப் போனோம். ஜல்லி ரோடு, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். மணிக்கணக்காக எதிரே ஒரு வண்டி வராது, ஆடுகள் மட்டும் குறுக்கே வரும். "மேய்க்க ஒரு ஆளக் காணமே மாப்ள," என்று அப்பா அதிலேயே கவலைப்பட்டுக்கொண்டு வந்தார். கோடைக்காலம், சூரியன் அடைவதாகவே இல்லை. காற்று மட்டும் பேய்க்காற்று.

வேனை வாடகைக்குக் கொடுத்த பெண் சாவியைத் தரும்போதே எச்சரித்திருந்தாள். கதவைத் திறக்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று. அப்பாவுக்கு நான் சொன்னேன். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் கடலோரம் நிறுத்தியிருந்தோம். வெளியே நிற்க முடியவில்லை, ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. அம்மா அந்தச் சின்ன அடுப்பில் ரசம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். தாளிக்காமல் விட்டால் அது ரசமா? கரண்டியில் எண்ணெய் காய்ந்து, கடுகு வெடித்து, வரமிளகாயும் பெருங்காயமும் விழுந்ததுதான் தாமதம்...

நெடி ஏறி நாலு பேருக்கும் இருமல். புகை அலாரம் வேறு அலறத் தொடங்கிவிட்டது. முன்சீட்டில் இருந்த அப்பா, காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தார். சொன்னபடி, இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

காற்று கதவை இழுத்தது. கதவோடு அப்பாவும் போனார். ஒரு கால் படியில், ஒரு கால் அந்தரத்தில், லுங்கி குடை மாதிரி விரிந்து நிற்கிறது. அப்பவும் கையை விடவில்லை!

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பின்பக்கமாக அப்பாவின் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்தார்.

"ஏனுங்க! கதவ உடுங்க!"

"பிச்சுட்டுப் போயிரும்!"

"போனாப் போவுது! நீங்க போயிட்டா நான் என்ன பண்றது?"

கார்த்திக் வேறு கதவு வழியாக இறங்கிச் சுற்றி ஓடி, அப்பாவையும் கதவையும் சேர்த்து உள்ளே தள்ளினான். அலாரம் அடங்கியது. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா இன்னும் ஸ்வெட்டரை விடவில்லை.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவைப் பார்த்தார்.

"எனக்கு ரசம் வெக்கத் தெரியாது. நீயும் ஊருக்கு வந்துரு."

"இத அங்கயே சொல்லியிருந்தா வாயில இருக்கற முத்து உதுந்துருமா?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அழுதார்.

நானும்தான் அழுதேன். அவர்கள் பேசிவிட்டார்களே என்று அவ்வளவு சந்தோஷம். அம்மா இனி என்னோடு இருக்கப் போவதில்லை என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்துபோனது. கார்த்திக் எனக்கு ஒரு டம்ளர் ரசம் ஊற்றிக் கொடுத்தான். அப்படி ஒரு ரசம் அதற்குப் பிறகு நான் குடிக்கவில்லை.

இப்போது இர்விங்குக்குப் பக்கத்திலேயே காப்பெலில் சொந்த வீடு. பெரிய கிச்சன், எவ்வளவு தாளித்தாலும் புகையை உறிஞ்சிவிடும் ஃபேன். சாயங்காலம் நான் வந்துதான் விளக்குப் போட வேண்டும்.

காலையில் ஆபீஸுக்கு டிரைவ் பண்ணும்போது ஈரோட்டுக்கு ஃபோன் போடுவேன். அங்கே சாயங்காலம் கழிந்திருக்கும். ஸ்பீக்கரில் இருவரும் இருப்பார்கள்.

"ஃபேனக் கொறைங்க, குளுருது."

"ஐஸ்லாந்துலயே குளுரல, இங்க உனக்குக் குளுருதாக்கும்!"

அவ்வளவுதான், ஆரம்பித்துவிடுவார்கள். நேருக்கு நேராக. "அப்பாகிட்டச் சொல்லு" என்று இப்போதெல்லாம் யாரும் என்னிடம் சொல்வதில்லை.

நான் ஃப்ரீவேயில் போய்க்கொண்டே, அவர்களுக்கு என் ஞாபகம் வரட்டும் என்று காத்திருப்பேன். சில நாள் அதற்குள் ஆபீஸ் வந்துவிடும்...