மரக்காலின் அடியைத் தடவிப் பார்த்தவர்

அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார் என்று நீங்கள் சொல்வதுண்டு. உண்மைதான். அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருடைய அப்பாவைப் பற்றிய கட்டுரையோ ஆகிவிடும்.

அப்பா பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில். பத்து வயதில் தகப்பனாரை இழந்து, தாயாரோடு கூலிக்கு அறுக்கப் போனார். ஒரு வீட்டில் கூலி நெல் அளந்த மரக்காலின் உள்ளே, அளவு குறையும்படி அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்து அறைந்திருந்தார்கள். அறுவடை முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த மரக்காலைக் கண்டாலும் உள்ளே கைவிட்டு அடியைத் தடவிப் பார்ப்பார். பிற்பாடு பூதலூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் பிடித்து, அண்ணனைத் துபாய்க்கு அனுப்பி, என்னைத் தஞ்சாவூரில் பொருளாதாரம் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆனி மாதம் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. வெளிநாட்டுக் கடனுக்கு நாட்டுத் தங்கத்தை அடகு வைத்த செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். "அடகு வச்சவன் ஊருக்குச் சொல்லமாட்டான். சொல்றான்னா வேற எதையோ வித்துட்டான்னு அர்த்தம்" என்றார் அப்பா.

அடுத்து வந்த அண்ணனுடைய டிராஃப்டில் தொகை கூடியிருந்தது. அண்ணனுக்குச் சம்பளம் ஏறவில்லை, ஓவர்டைமும் இல்லை. அதே திர்ஹாமுக்கு இப்போது கூடுதல் ரூபாய் என்று விளக்கினேன்.

"அப்ப இந்த மிச்சம் யாரு வீட்டுலேருந்து வந்துச்சு?"

பாடப்புத்தகத்தில் இருந்ததையெல்லாம் சொன்னேன். அந்தக் கேள்விக்கு மட்டும் அதில் பதில் இல்லை. அப்பா அந்த மிச்சத்தை மஞ்சள் பையில் கட்டிப் பெட்டியில் வைத்தார். யார் பங்கு என்று தெரிகிறவரை தொடக்கூடாது என்று உத்தரவு. "வந்த லட்சுமிய நிக்கவச்சு விசாரிக்கிற ஆளு இவருதான்" என்று அம்மா முணுமுணுத்தார். மாதாமாதம் பை கனத்தது.

அந்த ஆவணியில்தான் நான் ஒரு தவறு செய்தேன். அறுப்புக் கூலியை நெல்லாக அளப்பது பழைய காலத்து முறை, ரூபாயாகப் பேசி முடித்துவிடலாம் என்றேன். அப்பா இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் உறுதியாகச் சொன்னேன். எல்லோரையும் சந்தேகித்த அப்பா என் படிப்பை மட்டும் சந்தேகிக்கவில்லை.

தை அறுவடைக்குள் உரம் விலை, அரிசி விலை எல்லாம் ஏறிவிட்டது. களத்தில் பேசியபடியே ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். அறுப்புக் கோஷ்டிக்கு மூத்தவர் அஞ்சலை அக்கா. பணத்தை வாங்கி மடியில் கட்டாமல் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"பேசுனப்ப இந்தக் காசுக்கு வந்த அரிசி இப்ப வரல அண்ணே. தம்பி படிச்சுட்டு வந்து எங்க மரக்கால சின்னதாக்கிடுச்சு."

பெண்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நான் ஒரு பைசாவும் குறைத்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் மரக்காலின் அடியில் பலகை ஏறியிருந்தது. ஏற்றிய கை அந்தக் களத்தில் இல்லை. அப்பா பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வீட்டு மரக்காலை எடுத்து வந்து, முதலில் அஞ்சலை அக்காவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகு பழைய வழக்கப்படி நெல்லாகவே கூலியை அளந்தார். அதில் வீட்டுக்குக் குறைந்ததை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"யாரு பங்குன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு."

அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்று நான் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். வட்டியை மாற்றியிருக்கிறோம் என்று மேலிருந்து சுற்றறிக்கை வரும். யாருக்குக் கூடும் என்று அதில் இருக்கும். யாருக்குக் குறையும் என்று தேடினால் கிடைக்காது. தேடுவதை நான் விடவில்லை.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, அண்ணன் அனுப்புவது இப்போது எவ்வளவு வருகிறது என்று அப்பா கேட்டார். மறுபடியும் கூடியிருக்கிறது என்றேன். "அப்ப அஞ்சலைக்கு என்னாச்சுன்னு போய்ப் பாரு" என்றார்.

அப்பாவை இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், வேனுக்கு வாடகை வாங்க மறுத்த நண்பருக்கும், பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள்வரை உடனிருந்த தெருக்காரர்களுக்கும், களத்து வேலையைத் தங்கள் வேலையாக எடுத்துச் செய்த பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது.

இந்த முதலாண்டு நினைவு நாளுக்காக அண்ணன் பணம் அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பியது வழக்கமான தொகைதான். கைக்கு வந்தது கூடுதலாக இருக்கிறது. மலர் அச்சுக்குப் போவதற்கு முன் அஞ்சலை அக்கா வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.