மூக்குத்தி எந்தப் பக்கம்

நான் நாலாவது வரைக்கும்தான் படித்தேன். அதை மறைக்கிற ஆள் இல்லை. ரயில்வே வொர்க்‌ஷாப்பில் பெட்டிகளுக்கு சீட் தைக்கிற பகுதியில் பத்தொன்பது வயசில் சேர்ந்தேன். பத்து வருஷம் கழித்து அந்த சர்க்கார் வேலையை நானாகவே விட்டேன். காலனியே என்னைப் பைத்தியம் என்றது. மெட்டுகூடாவில் முன்னால் கடை, பின்னால் வீடு என்று ஒரு இடம் எடுத்து, படம் போடுகிறவர்களுக்குக் கான்வாஸ் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். அதுவரைக்கும் பம்பாயிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். துணியை இழுத்துச் சட்டத்தில் ஆணி அடித்து, மாட்டுத்தோலைக் காய்ச்சின வஜ்ரப்பசை கொடுத்து, சாக்பவுடரும் ஜிங்க் வெள்ளையும் பூசி, காய்ந்த பிறகு விரலால் தட்டினால் தவில் மாதிரிப் பேச வேண்டும். அப்படிப்பட்ட கான்வாஸ் வேண்டுமென்றால் என்னிடம்தான் வரவேண்டும் என்று இரண்டே வருஷத்தில் ஆக்கினேன். யாரும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

எனக்குப் படம் போட வராது. ஆனால் படம் போடுகிறவர்களை என்னைப் போலப் பார்த்தவன் இந்த ஊரில் கிடையாது. ஒரே வெள்ளைத் துணிதான். ஆளுக்கு ஆள் அதை என்ன பாடுபடுத்துவார்கள் தெரியுமா? பழைய ஊர்ப்பக்கம் ஒரு பாய் இருந்தார். இறந்துபோனவர்களின் சின்ன போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டு, கான்வாஸிலும் பெரிய கட்டம் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை மாற்றுவார். சைனிக்புரியில் ஒரு ரிட்டயர்டு சுபேதார், ஆம்பூர்க்காரர். அவர் பிரஷ்ஷைத் தொடவே மாட்டார், எல்லாம் கத்திதான். கச்சிபௌலியில் அப்போது பாறையைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. அங்கே சைக்கிளில் போய் உட்கார்ந்து, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரிப் பாறைகளைத் தடவிக்கொண்டு வருவார். தார்நாகாவில் ஒரு விஞ்ஞானி, தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயர். அவர் கான்வாஸைத் தரையில் போட்டு டியூபிலிருந்தே நேராகப் பிதுக்குவார். ஏன் சார் இப்படி என்று கேட்டதற்கு, "வாரம் ஆறு நாள் அளந்துண்டே இருக்கேன். ஞாயித்துக்கிழமையாவது அளக்காம இருக்கேனே" என்றார். ஆபீசர் வீட்டுப் பெண்கள் சிலர் ரோஜா போடுவார்கள், கிளி போடுவார்கள், மணலை ஒட்டிக் கடற்கரை செய்வார்கள். எதைப் போட்டாலும் அடியில் இருப்பது என் கான்வாஸ். அதை நான் எல்லாரிடமும் சொல்லுவேன்.

என் பெண்ணுக்கு நாக்பூரில் மாப்பிள்ளை அமைந்தது. எங்கள் வட ஆற்காட்டுப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரியாக அழைத்துக் கும்பிட வேண்டும். கலசச் சொம்புக்குப் புதுப்புடவை சுற்றிப் பூ வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது என் மனைவிதான். பெண்ணுக்கு ஒன்றரை வயசிருக்கும்போது மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் போனவள்.

பெண் இந்தத் தெலுங்கு ஊரிலேயே படித்தவள். தமிழ் புரியும், வாயில் வருவது பாதி தெலுங்கு. பூஜைக்குச் சாமான் எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"நைனா, அம்மா எலா உண்டேதி?"

"எப்படி இருப்பா? நல்லா இருப்பா" என்றேன்.

"அதி காது நைனா. முகம். முகம் எப்படி? சொம்புக்குப் பின்னாடி ஒரு போட்டோ வைக்கலாம்னு பார்த்தா ஒண்ணுகூட இல்ல. கைக்கு எடுக்கல?"

கைக்கு என்றால் இந்த ஊர் உருதுவில் ஏன். எடுக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்தில் போட்டோ எடுக்க வசதி கிடையாது. கடை திறந்த அன்றைக்கு ஸ்டூடியோக்காரனைக் கூப்பிட்டேன். துணி இழுக்கிற இடுக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிற போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. அவள் உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருப்பேன். அவள் பிறந்த வீட்டில் ஆள் மிச்சமில்லை. பெண்ணை வளர்த்த என் அக்கா என் மனைவியைப் பார்த்ததே இரண்டு தரம்தான்.

பெண்ணிடம் அன்றைக்குப் பெரிசாகச் சொன்னேன். "இந்த ஊர்ல பாதிப் பேருக்குப் படம் போடத் துணி குடுத்தவன் நான். உங்கம்மாவை ஒரு வாரத்துல கொண்டாந்து வைக்கிறேன் பாரு."

முதலில் பாயிடம் போனேன். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கையை நீட்டினார்.

"போட்டோ நை உஸ்தாத்? போட்டோ நை தோ கைஸா பனாதூம்?"

போட்டோ இல்லாமல் எப்படிப் போடுவது என்கிறார். நான் வாயால் சொல்கிறேன், நீங்கள் போடுங்கள் என்றேன். சரி என்று தாளை எடுத்தார். நெற்றி அகலமா, குறுகலா? அகலம் என்றேன். புருவம் சேர்ந்திருக்குமா? கொஞ்சம் யோசித்து, இல்லை என்றேன். காது? கன்னத்தில் குழி? மூக்குத்தி எந்தப் பக்கம்?

எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடிப் பார்த்தேன். புடவை வருகிறது. தட்டு வைக்கிற கை வருகிறது. மூக்கு வரவில்லை. ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவளின் மூக்கு. பாய் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். பெண்ணைக் கூட்டி வா, அவளைப் பார்த்து வயசைக் கூட்டிப் போடுகிறேன் என்றார். கூட்டிப் போனேன். நன்றாகத்தான் வந்தது. பெண் பார்த்துவிட்டு, "இது நான்தான் நைனா. எனக்குப் புடவை கட்டி வச்சிருக்காரு" என்றாள்.

சுபேதார் முகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கலரைச் சொல்லுங்க மாஸ்டர். கலர் சரியா உழுந்தா ஆளு தானா வந்து குந்தும்" என்றார். பலகையில் கத்தியால் மூன்று பழுப்பு இழுத்துக் காட்டினார். நடுவில் இருப்பது என்றேன். மறுநாள் போனேன். அதே மூன்றில் முதலாவதைக் காட்டினேன். சிரித்தார். "நேத்து நடுவுல இருந்தது. இன்னைக்கு ஓரத்துக்குப் போயிடுச்சா?" அவர் கேலியாகத்தான் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

தார்நாகா ஐயர் நல்லவர். உட்கார வைத்து மோர் கொடுத்தார். "நான் போட்டா, இதுதான் உங்காத்துக்காரின்னு நானேதான் சொல்லணும். பொண்ணு நம்பணுமோன்னோ?" என்றார். அத்தோடு அந்த வழியும் முடிந்தது. பூஜைக்கு மூன்று வாரம் இருந்தது.

அப்புறம்தான் பழைய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். திருநெல்வேலிக்காரர்; புருஷனுக்குப் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. முன்பெல்லாம் மாதம் ஒரு தரம் கடைக்கு வந்து கான்வாஸ் வாங்கி எண்ணெய் வண்ணத்தில் படம் போடுவார். பிறகு வருவதை நிறுத்திவிட்டு, கண்ணி கண்ணியாக இருக்கிற துணியில் கம்பளி நூலால் தைக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பெண்ணையும் கூட்டிக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். மூக்குத்தி எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு பக்கமும்லா அண்ணாச்சி. வலப்பக்கம் கல்லு வச்சது. இடப்பக்கம் வெறும் ஈர்க்குச்சி. அந்தப் பக்கத்துக் கல்லு எங்க போச்சுன்னு அவகிட்ட ஒருநாள் கேட்டேன். கடைக்கு அட்வான்ஸ் குடுக்க அவுக கொண்டுபோனாகன்னா."

நான்தான் கொண்டுபோனேன். மீட்டுத் தருகிறேன் என்று சொல்லிக் கொண்டுபோனதும், பிறகு மறந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்குத் திரும்பி வந்தது. பெண் என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"அம்மாவை உங்களுக்கு அவ்ளோ தெரியுமா ஆன்ட்டி?" என்றாள் பெண்.

"தெரியாம என்ன? உங்கப்பா முன்னால நின்னு எல்லார்கிட்டயும் பேசிக்கிட்டே இருப்பாக. நான் கொல்லைப்பக்கமாப் போயி அவகூட உட்காந்துக்கிடுவேன். துணிக்குப் பசை குடுக்கது, வெள்ளை பூசுகது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கது எல்லாம் அவதான. அந்த வஜ்ரத்தைக் கொதிக்க விடவே மாட்டா. மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பா, பிள்ளைக்குப் பால் குடுக்கப் பார்க்க மாதிரி." பிறகு என் பக்கம் திரும்பினார். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. அவ போனதுக்கப்புறம் உங்ககிட்ட வாங்குன கான்வாஸ்ல பெயிண்டு பாளம் பாளமா வெடிச்சுது. அதான் நான் நூலுக்கு மாறிட்டேன்."

பெயிண்ட் வெடித்தது எனக்குத் தெரியும். சாக்பவுடர் கடைக்காரனோடு அதற்காகச் சண்டை போட்டேன். எண்ணெயை மாற்றினேன். வாடிக்கையாளருக்குப் பூசத் தெரியவில்லை என்றுகூடச் சொன்னேன். பசையை அடுப்பில் வைத்துவிட்டு முன்னால் ஆள் வந்தால் பேசப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தளதளவென்று கொதித்துக்கொண்டிருக்கும். கொதித்தால் பசை செத்துவிடும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லக்கூடியவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. நான் கேட்டிருக்க மாட்டேன்.

முகம் போட மாட்டேன் என்று அந்த அம்மா கறாராகச் சொன்னார். "கம்பளி நூல்ல மூக்கு வந்தா முழி வராது, முழி வந்தா வாய் கோணும். நான் கொல்லை வாசல்ல நுழையும்போது கண்ட மாதிரி தைச்சுத் தாரேன்." இரண்டு வாரம் தைத்தார். பெண் தினமும் சாயங்காலம் அங்கே போனாள். துணைக்கு நானும் போனேன். அவர்கள் உள்ளே உட்காருவார்கள். நான் வராந்தாவில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவேன். அம்மா எதுக்குச் சிரிப்பாள், அம்மாவுக்குக் கோபம் வருமா, தெலுங்கு பேச வந்ததா என்று பெண் கேட்டுக்கொண்டே இருப்பாள். அந்தத் திருநெல்வேலி அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். தெலுங்கு வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரியிடம் கற்றுக்கொண்டு பேசுவாளாம். என் நடையை நடித்துக் காட்டுவாளாம். அதை அந்த அம்மா எழுந்து செய்து காட்டியிருக்க வேண்டும். உள்ளே இரண்டு பேரும் சிரித்தார்கள். என் மனைவிக்கு நடிக்க வரும் என்பது எனக்குப் புது விஷயம். பேப்பரில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

படம் பூஜைக்கு முந்தின நாள் வந்தது. கிளிப்பச்சைப் புடவையில் ஒருத்தி நமக்கு முதுகு காட்டிக் குந்தியிருக்கிறாள். பின்னல் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது. முன்னால் ஒரு வெள்ளைச் சட்டம். வலது கை பிரஷ்ஷோடு பாதி தூரத்தில். வளைந்திருக்கிற அந்த முதுகைப் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முன்கடையிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து, "ஆச்சா?" என்று நான் கேட்டபோதெல்லாம் தெரிந்த முதுகு.

சொம்புக்குப் பின்னால் அதை வைத்துக் கும்பிட்டோம். அரக்கோணத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், "இன்னாபா இது, சாமி முதுகக் காட்டிக்கினு குந்திகினுகீது?" என்று கேட்டார். வழக்கமாக இப்படிக் கேட்டால் நான் அரை மணி நேரம் பேசுவேன். அன்றைக்குப் பெண்தான் பதில் சொன்னாள், கோணல் தமிழில். "எங்கம்மா. கான்வாஸ் பண்றவங்க. நைனா கடைல இருந்ததெல்லாம் அவங்க பண்ணதுதான்." உறவுக்காரர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் நாக்பூருக்குக் கிளம்பினாள். பெட்டிகளோடு அந்தப் படத்தையும் சுவரிலிருந்து இறக்கினாள். அது இங்கேயே இருக்கட்டுமே, வீடு காலியாகிவிடும் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகியவன் இல்லை.

"நக்கோ நைனா, வேணாம்" என்றாள், கோபமில்லாமல். "நீங்க ஆறு வருஷம் பார்த்தீங்க இல்ல? நான் பார்க்கல."

பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்து, மூலைகள் இடிபடாமல் நானே சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். கட்டுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பார்த்தேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று மாப்பிள்ளை வாசலிலிருந்து கூப்பிட்டார்.